காது அடைப்பு: சொட்டு மருந்தா, கழுவுவதா, உறிஞ்சி எடுப்பதா?

காது மந்தமானதும் பலர் மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கொள்கிறார்கள். அது எந்தக் குறையைத் தீர்க்கும், எதைத் தீர்க்காது என்று தெரியாமலே நாட்களைக் கடத்துவதுதான் எனக்குக் கவலை தருகிறது.

குறும்பி, அதாவது காது அழுக்கு, இறுகிக் காதுக்குழாயை அடைத்திருந்தால் சொட்டு மருந்தே பொருத்தமான முதல் வழி. சோடியம் பைகார்பனேட் கரைசலோ ஆலிவ் எண்ணெயோ சில நாட்கள் விட்டுவந்தால் குறும்பி இளகும். தொடக்கத்தில் அது ஊறிப் பருத்து, கேட்கும் திறன் மேலும் குறைந்ததுபோலத் தோன்றலாம். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2018இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, ஒரு வகைச் சொட்டு மருந்து மற்றொன்றைவிட மேலானது என்பதற்குச் சான்று காணவில்லை. ஆகவே விலை கூடியதைத் தேடி அலைய வேண்டியதில்லை. பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயைச் சூட்டோடு ஊற்றும் வழக்கத்தை மட்டும் அறவே விட வேண்டும், தோல் வெந்துவிடும்.

நீர் பீச்சிக் கழுவுவது விரைவானது. ஆனால் நீர் உடல் வெப்பத்தில் இல்லாவிட்டால் தலை சுற்றும். செவிப்பறையில் ஓட்டை உள்ளவர்களுக்கு அது ஆகாது. அவர்களுக்கு, நுண்ணோக்கியில் பார்த்தபடி குறும்பியை உறிஞ்சி எடுக்கும் முறையே ஏற்றது என்பேன். அதற்குக் கருவியும் தேர்ந்த மருத்துவரும் தேவை.

இம்மூன்றும் செவிப்பறைக்கு வெளியே உள்ள அடைப்புக்கு மட்டுமே உதவும். முதுமையாலும் பேரிரைச்சலாலும் உட்செவியில் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் அழிந்திருந்தால் அவை மீண்டும் முளைப்பதில்லை. அங்கே துணை நிற்பது காது கேட்கும் கருவிதான். மூன்று நாட்களுக்குள் திடீரென ஒரு காது கேளாமல் போவது இன்னொரு வகை. அதற்கு ஸ்டீராய்டு சிகிச்சையை முதல் இரண்டு வாரங்களுக்குள் தொடங்கினால்தான் பலன் கூடுதலாக இருக்கும். குறும்பி என்று எண்ணிச் சொட்டு மருந்து விட்டுக் காத்திருப்பவர்கள் இழப்பது அந்த நாட்களைத்தான்.

பாதிப்பு எந்த வகை என்று அறிய, மருத்துவர் 512 ஹெர்ட்ஸில் அதிரும் இசைக்கவை என்னும் உலோகக் கவையை நெற்றியில் வைத்துப் பார்ப்பதற்கு ஈடாகாவிட்டாலும், வாயை மூடி 'ம்ம்ம்' என்று முனகிப் பார்ப்பது ஒரு குறிப்பைத் தரும். மந்தமான காதில் ஒலி ஓங்கிக் கேட்டால் பெரும்பாலும் அடைப்பு. நல்ல காதில் ஓங்கிக் கேட்டால் பாதிப்பு உட்செவியிலோ நரம்பிலோ இருக்கக்கூடும். திடீரென மந்தமான காதுக்கு இரண்டாவது குறிப்பு தென்பட்டால், சொட்டு மருந்து எதுவும் விடாமல் அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் செல்ல வேண்டும்.