சுட வந்தவர்களே ஒட்டவும் வேண்டும்: அமெச்சூர் போட்டிகளில் வேலையைப் பங்கிடும் வழிகள்

அமெச்சூர் துப்பாக்கி சுடும் போட்டிகளில் சம்பளத்துக்கு ஆள் வைப்பது அபூர்வம். இலக்கை நட்டு வைப்பது, தாள் இலக்கில் குண்டு போட்ட துளையை ஒட்டி மூடுவது, விழுந்த ஸ்டீல் இலக்கைத் தூக்கி நிறுத்துவது, மதிப்பெண் குறிப்பது எல்லாம் சுட வந்தவர்களின் வேலைதான். அதை எப்படிப் பிரித்துக்கொள்வது என்பதில் கிளப்புக்குக் கிளப் வழக்கம் மாறும். சில இடங்களில் நாலு பேர் மாடாய் உழைக்க, மீதிப் பேர் நிழலில் கதை பேசிக்கொண்டிருப்பார்கள். அப்படி நிற்பவர்கள் எல்லாரும் சோம்பேறிகள் என்று நான் நம்பவில்லை. தங்கள் வேலை எது என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

புல்ஸ்ஐ போன்ற கைத்துப்பாக்கிப் போட்டிகளில் இந்தச் சிக்கல் அவ்வளவாக வராது. வரிசையில் நிற்பவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் சுடுகிறார்கள், ஒன்றாக இலக்குக்குப் போகிறார்கள், பக்கத்தில் இருப்பவரின் தாளுக்கு மதிப்பெண் போடுகிறார்கள். வேலை தானாகவே சமமாகிவிடுகிறது. ஒருவர் சுட மற்றவர்கள் காத்திருக்கும் ஐபிஎஸ்சி (நேரத்தோடு போட்டி போட்டு, இடம் மாறி மாறிச் சுடுவது) மாதிரியான போட்டிகளில்தான் முறை தேவைப்படுகிறது.

முதலில் ஒரு கணக்கு. ஸ்குவாடில், அதாவது ஒன்றாகச் சுற்றிவந்து சுடும் குழுவில், 10 பேர் என்று வைத்துக்கொள்வோம். இப்போது சுடுபவர், அடுத்துச் சுடப் போகிறவர், இப்போதுதான் சுட்டு முடித்து மேகஸினில் குண்டு நிரப்புகிறவர் என்று மூன்று பேர் கழிந்தார்கள். டைமர் பிடிப்பவர், டேப்லெட்டில் மதிப்பெண் குறிப்பவர் என்று இன்னும் இருவர். மிச்சம் ஐந்து பேர். ஸ்டேஜில், அதாவது ஒவ்வொருவராகச் சுடும் ஒரு களத்தில், 12 தாள் இலக்கு இருந்து ஒவ்வொன்றிலும் இரண்டு குண்டு விழுந்தால் 24 துளை. கூடவே நாலு பாப்பர், அதாவது குண்டு பட்டால் சாயும் ஸ்டீல் இலக்கு. ஐந்து பேரும் இறங்கினால் சுமார் ஒரு நிமிடத்தில் ஸ்டேஜ் தயார். இரண்டே பேர் இறங்கினால் இரண்டரை நிமிடம். ஆளுக்கு ஒன்றரை நிமிடம் வீண் என்றால், 10 பேருக்கும் ஆறு ஸ்டேஜுக்கும் சேர்த்து ஒன்றரை மணி நேரம் போச்சு. கடைசி ஸ்டேஜில் எல்லாரும் களைத்து நிற்பதற்கு வெயில் மட்டும் காரணமில்லை.

இனி முறைகளுக்கு வருவோம். பல கிளப்புகளில் நடப்பது, 'சும்மா இருப்பவர் போய் ஒட்டட்டும்' என்ற ஏற்பாடு. ஐந்தாறு பேர், அதுவும் பழகியவர்கள் என்றால் இது போதும். யாரும் யாருக்கும் உத்தரவு போட வேண்டியதில்லை. ஆள் கூடினால் இதன் குறை தெரிந்துவிடும். ஒட்டுத்தாள் சுருளை இடுப்பில் மாட்டியிருப்பவர்தான் ஒவ்வொரு முறையும் முதலில் ஓடுவார். அவர் முறை வரும்போது, எந்த இலக்கை எங்கிருந்து சுடுவது, மேகஸினை எங்கே மாற்றுவது என்று மனதுக்குள் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கக்கூட நேரம் இருக்காது. எடுத்த புள்ளியை நேரத்தால் வகுத்து வரும் ஹிட் ஃபேக்டர்தான் மதிப்பெண் என்பதால், அந்தத் தயாரிப்பு இல்லாதது முடிவில் அப்படியே தெரியும். மாங்கு மாங்கென்று வேலை செய்தவர் கீழே, நிழலில் நின்றவர் மேலே. இதுதான் எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது. உடம்பு நோவு சாயங்காலத்தோடு சரியாகிவிடும். போன ஸ்டேஜ் திரும்பி வராது.

இதில் இன்னொரு கோளாறும் உண்டு. யார் எந்த இலக்குக்கு என்று பிரிக்காததால், ஆர்வம் மிகுந்தவர் ஸ்கோர் சொல்பவரை முந்திக்கொண்டு ஓடுவார். முதல் இலக்கில் 'டூ ஆல்ஃபா' (அதிகப் புள்ளி தரும் பகுதியில் இரண்டு) என்று குரல் கேட்கும்போதே அவர் மூன்றாவது இலக்கில் துளையை மூடியிருப்பார். அந்த இலக்கில் எங்கே பட்டது என்று நிச்சயமாகச் சொல்ல முடியாமல் போனால், ஐபிஎஸ்சி விதிப்படி சுட்டவர் முழு ஸ்டேஜையும் மறுபடி சுட வேண்டும். நன்றாகச் சுட்டவருக்கு அதைவிட எரிச்சல் வேறென்ன?

அடுத்தது, பட்டியல் நகரும் முறை. எனக்குப் பிடித்தது இதுதான். சுடும் வரிசை எழுதப்பட்டிருக்கும். அதில் உங்கள் பெயர் எங்கே இருக்கிறது என்பதை வைத்தே உங்கள் வேலை முடிவாகும். சுடுபவருக்கும், அவருக்கு முன்னால் ஒருவருக்கும், பின்னால் ஒருவருக்கும் விலக்கு. மற்ற அத்தனை பேரும் இலக்குக்குப் போக வேண்டும். இடப்பக்கம் இருவர், வலப்பக்கம் இருவர், ஸ்டீலுக்கு ஒருவர் என்று ஸ்டேஜ் தொடங்கும் முன்பே சொல்லிவிட்டால் யாரும் யாரையும் பார்த்து முறைக்க வேண்டியதில்லை. விலக்கு எல்லாருக்கும் ஒரே அளவில் வந்து போகிறது. சுடுவதற்கு முன் மூச்சு விட ஓர் இடைவெளி கிடைப்பதும் உறுதி.

ஒரு நுணுக்கத்தைப் பலர் கவனிப்பதில்லை. அடுத்த ஸ்டேஜுக்கு வரிசையை ஒரு பெயர் நகர்த்தினால், ஆறு ஸ்டேஜ் முடியும்போது பட்டியலில் 7 முதல் 10 வரை இருப்பவர்கள் ஒரு தடவைகூட முதலில் சுட்டிருக்க மாட்டார்கள். முதலில் சுடுபவருக்கு மற்றவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்துக் கற்க வாய்ப்பில்லை. அந்தச் சுமையும் சுற்றி வர வேண்டும். விடுபட்டவர்கள் அடுத்த போட்டியில் முதலில் சுடட்டும்.

இந்த முறைக்கும் ஓட்டை இருக்கிறது. டைமர் பிடிப்பவர் யார்? அந்த வேலைக்குப் பயிற்சி வேண்டும். எல்லார் கையிலும் கொடுக்க முடியாது. அவர் ஒவ்வொருவரின் தோளுக்குப் பின்னால் நின்று, துப்பாக்கி காலி என்று கண்ணால் பார்த்து, 'ரேஞ்ச் இஸ் க்ளியர்' (இனி இலக்குக்குப் போகலாம்) சொல்லும்வரை வேறெதிலும் கவனம் வைக்க முடியாது. ஒட்டும் வேலையில் இருப்பவருக்காவது நடுநடுவே ஓய்வு உண்டு, இவருக்கு அதுவும் இல்லை. ஸ்குவாடுக்குப் பயிற்சி பெற்றவர்கள் இரண்டு பேராவது வேண்டும், ஒரு ஸ்டேஜ் அவர், ஒரு ஸ்டேஜ் இவர். டைமர் பிடித்தவருக்கு அன்றைக்கு ஒட்டும் வேலை கிடையாது என்பதையும் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால், பாவம், அவரே போய் ஒட்டவும் செய்வார்.

மூன்றாவது முறை, ஸ்குவாடைப் பாதியாகப் பிரிப்பது: ஒரு பாதி சுட, மறு பாதி வேலை பார்க்கும், பிறகு மாற்றம். இதன் நல்ல வடிவத்தைப் பார்க்க வேண்டுமென்றால் நெடுந்தூரத்தில் சுடும் ஹைபவர் ரைஃபிள் போட்டியின் பிட்டுக்கு (இலக்குப் பள்ளத்துக்கு)ப் போக வேண்டும். இலக்குகளுக்குக் கீழே, மண்மேட்டின் மறைவில், ஒரு ரிலே (முறை வைத்து மாறும் குழு) நின்று இலக்கை ஏற்றி இறக்கும். மேலே சத்தம் கேட்டதும் சட்டத்தை இழுத்து இறக்கி, புதுத் துளையைத் தேடி, அதில் குறிவட்டைச் செருகி, பழைய துளையை ஒட்டி, மறுபடி ஏற்ற வேண்டும். 600 கஜத்தில் 20 குண்டுக்கு 20 நிமிடம் என்பது வழக்கமான கணக்கு, அதாவது குண்டுக்கு ஒரு நிமிடம். கீழே இருப்பவர் ஒவ்வொரு தடவையும் 40 விநாடி எடுத்துக்கொண்டால், படுத்துக் காத்திருப்பவருக்கு இருபதே விநாடி மிஞ்சும். அதற்குள் காற்றும் திசை மாறியிருக்கும். மெத்தனமாக இழுத்தால் அடுத்தவரின் மதிப்பெண்ணில் கை வைப்பதாகிவிடும். கொஞ்ச நேரத்தில் இடம் மாறும்போது தனக்கும் இன்னொருவர்தான் இழுக்கப் போகிறார் என்று தெரிந்திருப்பதால் பெரும்பாலும் யாரும் மெத்தனம் காட்டுவதில்லை. மின்னணு இலக்குகள் உள்ள ரேஞ்சுகளில் இந்த வேலையே இல்லாமல் போய்விட்டது.

ஐபிஎஸ்சி பாணிப் போட்டிக்கு இதைக் கொண்டுவந்தால் பாதிதான் பலன். ஐந்து பேர் தொடர்ந்து சுடும்வரை மற்ற ஐந்து பேரும் குனிந்து நிமிர்ந்து, பிறகு அந்தக் களைப்போடு சுட வேண்டும். முதியவர்கள் ஒரே பாதியில் சேர்ந்துவிட்டால் இன்னும் கஷ்டம். எந்தப் பாதி வேலையில் இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும், அது ஒன்றுதான் இதன் பலம். 12 பேருக்கு மேல் உள்ள பெரிய ஸ்குவாடுக்குச் சரிவரும். சிறியதற்கு நான் சொல்ல மாட்டேன்.

நான்காவது, தனி ஊழியர்களை வைப்பது. பெரிய போட்டிகளில் அதிகாரிகள் முன்கூட்டியே சுட்டு முடித்துவிட்டு, போட்டி நாளில் ஸ்டேஜை மட்டும் பார்த்துக்கொள்வார்கள்; பல இடங்களில் நுழைவுக் கட்டணமும் அவர்களுக்கு இல்லை. மதிப்பெண் ஒரே கையில் இருப்பதால் எல்லா ஸ்குவாடுக்கும் ஒரே அளவுகோல். சின்ன கிளப் இதைப் பின்பற்றினால் அந்த ஆறேழு பேரே மாதாமாதம் மாட்டிக்கொள்வார்கள், ஒரு வருடத்தில் அவர்களே வராமல் போய்விடுவார்கள். டைமருக்கும் டேப்லெட்டுக்கும் மட்டும் இந்த முறை, ஒட்டுவதற்குப் பட்டியல் என்று கலந்தால் நன்றாக ஓடும்.

காசு கூடக் கொடுத்து வேலையிலிருந்து விலகிக்கொள்ளும் ஏற்பாடும் அங்கங்கே பேசப்படுகிறது. வேண்டவே வேண்டாம். அந்தப் பணம் கிளப்பின் பெட்டிக்குப் போகும். இலக்குக்கு முன்னால் குறையும் கைகளை அது நிரப்பாது.

ஸ்டேஜ் கட்டுவதும் பிரிப்பதும் தனிக் கணக்கு. இதை ஸ்குவாடுக்குள் பங்கிட முடியாது. விடிவதற்கு முன் வந்து சுவரும் சட்டமும் நட்டவருக்கு அடுத்த போட்டிக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வது நியாயம். பிரிப்பதற்கு, ஒவ்வொரு ஸ்குவாடும் தான் கடைசியாகச் சுட்ட ஸ்டேஜைக் கழற்றிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்று வைத்துவிட்டால், மதிப்பெண் பார்த்ததும் காரை எடுக்கும் பழக்கம் நின்றுவிடும்.

விலக்குகளையும் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். குனிய முடியாதவர் டேப்லெட் பிடிக்கலாம். முதல் போட்டிக்கு வந்தவரை முதல் இரண்டு ஸ்டேஜுக்குத் தொந்தரவு செய்யாமல், பழகியவர் ஒருவரோடு சேர்த்து விடுங்கள். 'ரேஞ்ச் இஸ் க்ளியர்' கேட்காமல் யாரும் முன்னால் அடி வைக்கக் கூடாது என்பது அவர் மனதில் பதியட்டும். அப்புறம், காலித் தோட்டா உறை பொறுக்கும் விஷயம். மற்றவர்கள் ஒட்டும்போது தன் உறைகளைத் தேடி நிற்பவரைப் பற்றித்தான் அதிகப் புகார் வருகிறது. ஸ்டேஜில் எல்லாரும் சுட்டு முடித்த பிறகு பொறுக்கலாம் என்று சொல்லிவிட்டால் போதும். பொறுக்கியவர், ஒட்டியவர் எல்லாரும் சாப்பாட்டில் கை வைப்பதற்கு முன் நன்றாகக் கழுவிக்கொள்ள வேண்டும், கையில் ஈயத்தூள் இருக்கும்.