தெருவிளக்கு டெண்டர்: வாங்கி மாட்டுவதா, பராமரிப்போடு விடுவதா?

2022 உள்ளாட்சித் தேர்தலின்போது மாநிலத்தில் இருந்த 490 பேரூராட்சிகளில் 51 நம் குமரி மாவட்டத்தில். இத்தனை சின்ன ஊர்களும் தனித்தனியே டெண்டர் விட்டு, தனித்தனியே கொள்முதல் செய்கின்றன. ரோடு, ஓடை, குடிநீர் என்று மன்றக் கூட்டத்துக்கு எது வந்தாலும் கடைசியில் பேச்சு தெருவிளக்கில்தான் போய் நிற்கும். கடலோரப் பேரூராட்சி ஒன்றில் வார்டு மெம்பராக இருந்து, பழைய டியூப் லைட்டுகளை மாற்ற இரண்டு வழிகளில் ஒன்றுக்குக் கை தூக்கியவன் நான். எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: விளக்கை வாங்கி மாட்டுவதையும் ஐந்தாண்டு பராமரிப்பதையும் சேர்த்து ஒரே ஒப்பந்தமாக விடுவது.

எல்.இ.டி. வேண்டுமா வேண்டாமா என்பதில் பேச ஒன்றுமில்லை. 40 வாட் டியூபை எடுத்துவிட்டு 20 வாட் எல்.இ.டி. போட்டால் கரண்ட் பில் பாதிக்குப் பாதி இறங்கும். டெண்டர் நடைமுறையும் இரண்டு வழிக்கும் ஒன்றுதான். 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 2000-ஆம் ஆண்டின் விதிகள், இரண்டு கோடி வரையிலான வேலைக்குக் குறைந்தது 15 நாள் அவகாசம், டெண்டர் போடுபவர் முன்கூட்டிக் கட்டும் முன்வைப்புத் தொகை எல்லாம் எதற்கும் உண்டு.

முதல் வழி, ஃபிட்டிங்கை, அதாவது உறையோடு கூடிய முழு விளக்கை, மட்டும் டெண்டரில் வாங்கி நம் வயர்மேனை வைத்து மாட்டுவது. பழக்கமான வழி. விலை குறைவு, ஒர்க் ஆர்டரும் சுருக்கம், ஸ்டோரில் பொருள் நம் கையில். ஆபீசில் சுறுசுறுப்பான வயர்மேன் ஒருத்தர் இருந்துவிட்டால் இதை மிஞ்ச ஆளில்லை. ராத்திரி போன் போட்டால் காலையில் ஏணியோடு நிற்பார். ஆனால் அவர் ஓய்வுபெற்ற பிறகு அந்தப் பணியிடம் எத்தனை காலம் காலியாகக் கிடக்கும் என்பது பேரூராட்சி ஆபீசுக்குள் கால் வைத்த எல்லோருக்கும் தெரியும்.

கடற்கரையை ஒட்டிய தெருவில் அணைந்துபோன ஃபிட்டிங் ஒன்றை இறக்கி என் முன்னாலேயே பிரித்துக் காட்டினார்கள். மூடியின் நாலு திருகில் இரண்டு துருப்பிடித்துத் தலை தேய்ந்து, கழற்ற முடியாமல் உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. ரப்பர் பட்டை வறண்டு விறைத்துக் கிடந்தது. அலுமினிய உடம்பில் பெயிண்ட் உப்பி, அடியில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. உள்ளே ஒரு பல்லியும் செத்துக் காய்ந்திருந்தது. விளக்குச் சில்லுகள் வரிசையாக நன்றாகவே இருந்தன. "பல்பு போகல மெம்பரே, டிரைவருதான் அடிச்சுப் போச்சு. இடி வெட்டின அன்னைக்கே போயிருக்கும்" என்றார் வயர்மேன். டிரைவர் என்பது லைனில் வரும் மின்சாரத்தைச் சில்லுக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் உள்பாகம். எல்.இ.டி. நீண்ட நாள் உழைக்கும் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருப்பது அந்தச் சில்லைப் பற்றி. நம் ஊர் உப்புக்காற்றும், இடவப்பாதிக்கு (தென்மேற்குப் பருவமழைக்கு) முன்னும் துலா மாதத்திலும் (ஐப்பசியிலும்) வெட்டும் இடியும் அடிப்பது டிரைவரையும் உறையையும்.

அந்த டிரைவரை மாற்றுவதில்தான் இரண்டு வழியும் பிரிகின்றன. முதல் வழியில் டிரைவர் தனியாக வாங்க வேண்டிய பொருள். அதற்கு எஸ்டிமேட், கொட்டேஷன், மன்றத்தின் அனுமதி. கூட்டமோ பெரும்பாலும் மாதத்துக்கு ஒன்று. பொருள் வந்ததும், கம்பம் மின்வாரியத்துடையது என்பதால், கரண்டை நிறுத்தியாயிற்று என்ற லைன் கிளியர் வாங்கி ஏற வேண்டும். வாரண்டி இருந்தால் இன்னும் கஷ்டம்: பழுதானதை இறக்கி, சப்ளை செய்தவருக்கு அனுப்பி, மாற்று வரும்வரை காத்திருக்க வேண்டும். வாரண்டி பொருளுக்குத்தான் உண்டு, ஏறுகூலிக்குக் கிடையாது. தெரு இருட்டாகக் கிடக்கும் நாட்களில் பெரும்பகுதி ஃபைல் நகரும் நாட்கள்தான்.

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். விலைகள் உதாரணத்துக்கு மட்டும். 400 விளக்கு. வெறும் ஃபிட்டிங் 1,600 ரூபாய் என்றால் 6,40,000. முதல் இரண்டு ஆண்டு வாரண்டியில் ஆண்டுக்கு 60 பழுது, ஏறுகூலி 350 வீதம், மொத்தம் 42,000. அடுத்த மூன்று ஆண்டில் ஆண்டுக்கு 100 பழுது, பொருளும் கூலியுமாக 800 வீதம், மொத்தம் 2,40,000. ஐந்து ஆண்டுக்கு 9,22,000. ஐந்தாண்டுப் பராமரிப்பும் சேர்த்து விளக்குக்கு 2,250 என்று ஒருவர் கேட்டால் 9,00,000. வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லை. "இதுல மிச்சம் எங்க இருக்கு?" என்று கூட்டத்தில் கேட்டவர்கள் தப்பாகக் கேட்கவில்லை. பணத்தில் மிச்சம் பெரிதாக இல்லைதான். ஆனால் இரண்டாவது வழியில், விளக்கு அணைந்தால் ஒப்பந்தக்காரர் கையிலிருந்து பணம் போகும். முதல் வழியில் யாருக்கும் எதுவும் போகாது.

குறைந்த விலைக்கே கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, நாம் என்ன செய்ய முடியும் என்று கையை விரிப்பவர்கள் உண்டு. டெண்டர் ஆவணத்தில் முன்கூட்டியே சொன்ன மதிப்பீட்டு முறைப்படி எது குறைவோ அதுதான் எல்-1, அதாவது சட்டம் சொல்லும் குறைந்த விலை. விலைப்பட்டியலில் ஃபிட்டிங் விலைக்கு ஒரு கட்டமும் ஐந்தாண்டுப் பராமரிப்புக்கு ஐந்து கட்டமும் போட்டு, மொத்தக் கூட்டலைத்தான் ஒப்பிடுவோம் என்று எழுதிவிட்டால், மட்டமான ஃபிட்டிங்கை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடப் பார்ப்பவர் தானாகவே பின்வாங்குவார். இதை டெண்டர் விடுவதற்கு முன் எழுத வேண்டும். கவர் பிரித்த பிறகு எழுதினால் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும்.

அதைவிட முக்கியம், பணத்தை எப்படிப் பிரித்துக் கொடுக்கிறோம் என்பது. மாட்டி முடித்ததும் முழு பில்லையும் பாஸ் பண்ணிவிட்டால் பராமரிப்பு என்பது வெறும் தாளில்தான். 60 சதவீதத்தை அப்போது கொடுத்து, மீதி 40-ஐ 20 காலாண்டுக்குப் பிரித்தால், மேலே சொன்ன கணக்கில் காலாண்டுக்கு 18,000 வரும். அந்தப் பதினெட்டாயிரத்துக்காக ஆள் வருவார். புகார் பதிந்து 48 மணி நேரத்துக்கு மேல் எரியாத ஒவ்வொரு ராத்திரிக்கும் இவ்வளவு பிடித்தம் என்று தொகையோடு எழுத வேண்டும். "உரிய காலத்தில் சரிசெய்ய வேண்டும்" என்ற வாசகத்தை வைத்து ஒரு ரூபாயைக்கூடப் பிடிக்க முடியாது. இவ்வளவுக்கும் அடிப்படை, கம்பத்துக்கு நம்பர். மஞ்சள் பெயிண்டில் நம்பர் எழுதி, பதிவேட்டில் ஏற்றாத ஊரில் பிடித்தம் என்ற பேச்சே எடுக்க முடியாது. "கோயில் பக்கத்து லைட்" என்று புகார் வந்தால் எந்தக் கோயில், எந்தப் பக்கம்?

இதிலும் தகராறு இல்லாமலில்லை. விளக்கு எரியாததற்கு மின்வாரியத்தின் வயர்தான் காரணம் என்று ஒப்பந்தக்காரர் சொல்வார். பல நேரம் அது உண்மையும்கூட. தென்னை ஓலை விழுந்து வயர் அறுந்தால் அவர் என்ன செய்வார்? யார் பக்கத்துக் கோளாறு என்று மூன்றாவதாக ஒருவர் பார்த்து எழுதாவிட்டால் ஒவ்வொரு பில்லும் வாய்த்தகராறுதான். இன்னொன்று, ஐந்தாண்டுக்கு முதலீட்டை முடக்கிவைக்க உள்ளூர்ச் சின்னக் கான்ட்ராக்டர்களால் முடியாது. போட்டிக்கு வருபவர்கள் குறைவார்கள். குறைந்தால் அவர்களுக்குள் பேசி வைத்துக்கொண்டு ரேட் போடுவதும் எளிது. இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. மத்திய அரசின் மின்சிக்கன நிறுவனமான ஈ.ஈ.எஸ்.எல். 2015-இல் தொடங்கிய தெருவிளக்குத் திட்டத்தில், அவர்களே முதல் போட்டு விளக்கை மாற்றி, மிச்சமாகும் மின்கட்டணத்திலிருந்து தவணையாக எடுத்துக்கொள்வார்கள். கையில் முதல் இல்லாத ஊருக்கு நல்ல யோசனை. அதில் எனக்கு நேரடிப் பழக்கம் இல்லாததால் இதற்கு மேல் சொல்லவில்லை.

2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் அடித்து மாவட்டமெங்கும் மின்கம்பங்கள் சாய்ந்தது நினைவிருக்கும். அப்படி ஒரு நேரம் வந்தால் எந்த ஒப்பந்தமும் தாங்காது. அரசு பேரிடர் என்று அறிவித்தால் டெண்டர் இல்லாமலே வாங்க, முன்பு சொன்ன 1998 சட்டத்தின் 16-ஆம் பிரிவு இடம் தருகிறது. அதனால் புயல் சேதத்தைப் பராமரிப்புக்குள் சேர்க்கச் சொல்லி அடம்பிடிக்க வேண்டாம். சேர்த்தால் அந்தப் பயத்துக்கும் சேர்த்து ரேட்டை ஏற்றிவிடுவார்கள்.

எங்கள் ஒப்பந்தம் இன்னும் முடியவில்லை. டிரைவர்கள் கூட்டமாகப் போகத் தொடங்கும் கடைசி இரண்டு ஆண்டில் ஒப்பந்தக்காரர் இதே வேகத்தில் வருவாரா, காலாண்டுத் தொகை போனால் போகட்டும் என்று கழன்றுகொள்வாரா என்பது இனிமேல்தான் தெரியும். குலசேகரம், திருவட்டாறு பக்கம் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் பேரூராட்சிக்காரர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. அங்கே உப்புக்காற்று இல்லை. மரக்கிளையும் இடியும்தான் பிரச்சினை. ஓய்வுபெற இன்னும் பத்து வருஷம் இருக்கிற வயர்மேன் ஒருத்தரும் இருந்தால், இடியில் திடீரென ஏறும் மின்னழுத்தத்தைத் தாங்கும் நல்ல சர்ஜ் பாதுகாப்புள்ள ஃபிட்டிங்காகப் பார்த்து வாங்கி அவர் கையில் கொடுத்துவிடலாம்.