85 எம்எம் எஃப் 1.8: ஹாலுக்குள் கபடி எடுக்க வாங்கலாமா?

ஆபீஸ் நண்பர் ஒருவர் கேட்டார்: "அண்ணே, பாப்பாவை ஸ்கூல் கபடி டீம்ல எடுத்துட்டாங்க. பிராக்டிஸ், மேட்ச் எல்லாம் ஹாலுக்குள்ளதான். கேமராவோட வந்த லென்ஸ்ல ஒரு படமும் உருப்படியா வரல. நீங்க வச்சிருக்கிற 85 வாங்கிடலாமா?" ஒரு வார்த்தையில் பதில் சொல்ல வரவில்லை. அதனால் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

லென்ஸ், கேனான் இஎஃப் 85 எம்எம் எஃப் 1.8. 1992-ல் வந்தது, நான் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். கேமராவும் கேனான்தான், 1500டி. அக்கா மகள் ரெய்டராக ஆடும் பள்ளி அணியை எடுக்கத்தான் இது பெரும்பாலும் வெளியே வருகிறது. எடை, கண்ணாடி எத்தனை, ஃபில்டர் அளவு எல்லாம் தேடினால் கிடைக்கும், அதை விட்டுவிடுகிறேன்.

முதலில் வெளிச்சக் கணக்கு. கபடியில் ஆள் கலங்காமல் விழ ஷட்டர் 1/500 வேண்டும், அதாவது நொடியில் ஐந்நூறில் ஒரு பங்கு நேரம்தான் திறந்திருக்க வேண்டும். எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகத் திறந்து வெளிச்சம் கூடும், ஐஎஸ்ஓ எண் கூடினால் கேமரா குறைந்த வெளிச்சத்திலும் எடுக்கும். எங்கள் ஹாலில் எஃப் 2, ஐஎஸ்ஓ 3200 வைத்தால் அது கிடைக்கிறது. அதே இடத்தில் கேமராவோடு வரும் கிட் லென்ஸை ஜூம் செய்தால் எஃப் 5.6-க்குப் போய்விடும், ஷட்டர் 1/60-க்கு இறங்கும். 1/60-ல் நின்றுகொண்டிருக்கும் நடுவர் தெளிவாக விழுவார். ரெய்டரின் கை இருக்க வேண்டிய இடத்தில் புகை மாதிரி ஒன்று இருக்கும். 5.6-க்கும் 1.8-க்கும் இடையில் வெளிச்சம் கிட்டத்தட்ட பத்து மடங்கு வித்தியாசம். ஃப்ளாஷ் போட்டுச் சமாளிக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். மூச்சைப் பிடித்துப் பாடிக்கொண்டு போகிற பிள்ளையின் முகத்தில் ஃப்ளாஷ் அடிப்பது அநியாயம். அந்தப் பேச்சே வேண்டாம்.

இந்த லென்ஸில் ஜூம் இல்லை என்பதுதான் எனக்கு மிகப் பெரிய லாபம். சரியான இடம் தேடி உட்கார வைத்தது அதுதான். பெண்கள் கபடிக் களம் 12 மீட்டர் நீளம், அதில் பாதி 6 மீட்டர். எதிரணியின் கடைசிக் கோட்டுக்குப் பின்னால், ஒரு மூலையில் முட்டி போட்டு உட்கார்ந்தால் நடுக்கோட்டைத் தாண்டி வரும் ரெய்டர் நேராக நம்மைப் பார்த்து வருவாள். கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தால் குனிந்து வரும் ஆள் தலை முதல் கால் வரை அளவாக அடங்கும். பக்கவாட்டில் நின்று எடுத்தபோது எல்லாம் முதுகும் முழங்கையும்தான் கிடைத்தது. மூலைக்கு மாறியதும் முகம் கிடைத்தது. தொட்டுவிட்டுத் திரும்பி ஓடும்போது அவள் முதுகு தெரியும், ஆனால் அப்போது பாய்கிற, மூலையில் நிற்கும் கார்னர் ஆட்டக்காரியின் முகம் பக்கவாட்டில் நமக்குத்தான். அந்தத் தூரத்தில் எஃப் 2-ல் சுமார் 40 சென்டிமீட்டர் ஆழம்தான் தெளிவாக விழும். பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் நாற்காலி, செருப்புக் குவியல், பேனர் எல்லாம் கரைந்துபோகும். பள்ளி ஹாலில் இதுவே பாதி வேலை.

இரண்டு மீட்டருக்குள் கும்பலாக வந்து விழுந்தால் இந்த லென்ஸுக்கு வேலை இல்லை. அப்போது கேமராவை இறக்கிவிட்டு நானும் ஆட்டத்தைப் பார்ப்பேன்.

1500டி நொடிக்கு 3 படம்தான் எடுக்கும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு இதை நல்ல குணமாகவே சொல்வேன். பட்டனை அமுக்கிப் பிடித்தால் எல்லாம் வந்துவிடும் என்ற நினைப்பு போய், நேரம் பார்த்து ஒரே ஒரு முறை அமுக்கப் பழகுவோம். ஃபோகஸை, ஆள் நகர நகரப் பின்தொடரும் ஏஐ சர்வோவில் போட்டு, நடுப் புள்ளியை மட்டும் வைத்துக்கொண்டு, ஜெர்சி எண்ணின் மேல் நிறுத்தினால் லென்ஸ் சத்தமில்லாமல் கூடவே வருகிறது. அப்புறம் காதும் உதவும். தொடப் போகிற நேரத்தில் எங்கள் பெண்ணின் 'கபடி கபடி' கொஞ்சம் வேகமாகும். அந்த இடத்தில் அமுக்கினால், நீட்டிய விரல் நுனியும் எதிராளியின் மணிக்கட்டும் ஒரே சட்டத்தில் விழும். வ்யூஃபைண்டரில் தொட்டதைக் கண்ணால் பார்த்த பிறகு அமுக்கினால் விரல் திரும்பிப் போயிருக்கும்.

இவ்வளவும் சொன்ன பிறகு எரிச்சலுக்கு வருகிறேன். விளக்கு.

எங்கள் ஹாலில் போன வருடம் பழைய விளக்கெல்லாம் கழற்றிவிட்டு எல்இடி மாட்டினார்கள். பார்க்கப் பளிச்சென்று இருக்கிறது. படத்தில் ஒன்று வெள்ளையாக, அடுத்தது மங்கலாக, அதற்கடுத்தது பழுப்பாக வருகிறது. செட்டிங் எதையும் தொடுவதில்லை, ஆளும் அதே இடம். காரணம் இதுதான். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான டிரைவர் (எல்இடிக்கு மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் சர்க்யூட்) போட்ட விளக்கு அதோடு சேர்ந்து நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். 1/100-ல் எடுத்தால் ஒரு முழு ஏற்ற இறக்கமும் படத்துக்குள் அடங்கிவிடும், வித்தியாசம் தெரியாது. 1/500-ல் அதில் ஐந்தில் ஒரு பங்குதான் கிடைக்கும். அது உச்சமா பள்ளமா என்பது நம் கையில் இல்லை. இதைவிடக் கொடுமை, ஒரே படத்துக்குள் ஷட்டர் நகர்ந்து போகிற நேரத்திலேயே வெளிச்சம் மாறிவிடும். செங்குத்தாக எடுத்த படத்தில் எங்கள் பெண்ணின் வலது தோள் வெள்ளை, இடது தோள் காப்பிக் கறை படிந்த நிறம். முகம் சரியாக நடுவில் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. ரா-வில் (கேமரா பதிந்ததை அப்படியே வைக்கும் ஃபைல்) எடுத்து, நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை மாற்றினால் ஒரு பாதி சரியாகும், மறு பாதி நீலமாகும்.

பி.டி. சாரிடம் காட்டினேன். நல்ல மனிதர், நின்று பார்த்தார். "கண்ணுக்கு நல்லாத்தானே சார் தெரியுது?" என்றார். கண்ணுக்குத் தெரியாது, அதுதான் பிரச்சினை. மாட்டும்போதே விளக்குகளை மூன்று ஃபேஸிலும் பிரித்துக் கொடுத்திருந்தால், ஒன்று இறங்கும் நேரத்தில் இன்னொன்று ஏறியிருக்கும், வெளிச்சம் ஆடுவது பெரிதாகத் தெரிந்திருக்காது. கூடுதலாக ஒரு விளக்குகூட வேண்டாம். வயர் இழுத்தவர் எல்லாவற்றையும் ஒரே ஃபேஸில் முடித்துவிட்டார். அந்தப் பிள்ளைகள் வருடம் முழுக்க உழைத்து ஆடுகிற ஆட்டம். அதில் நல்ல படம் ஒன்று வீட்டுச் சுவரில் மாட்ட வேண்டாமா? நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது.

கேமரா பக்கம் தீர்வு உண்டு. விளக்கு உச்சத்துக்கு வரும் கணம் பார்த்து ஷட்டரைத் திறக்கும் வசதியை 2014-ல் 7டி மார்க் 2-ல் கேனான் கொண்டுவந்தது, அப்புறம் வேறு மாடல்களுக்கும் வந்தது. 1500டி-யில் அது இல்லை. என்னால் முடிந்தது, காலை ஆட்டமாக இருந்தால் ஜன்னல் பக்க மூலையைப் பிடிப்பது. பகல் வெளிச்சம் கலக்கக் கலக்கப் பழுப்பு குறைகிறது. மாலை ஆட்டத்தில் நல்ல கணம் பத்து அமைந்தால் நாலைந்து நிறம் கெட்டுப்போகிறது. கெட்டுப்போவது எப்போதும் அந்த ரெய்டின் சிறந்த படமாகவே இருக்கிறது.

சரி, நண்பரின் கேள்வி. லென்ஸ் அருமை, என்னுடையதை யாருக்கும் கொடுக்க மாட்டேன். ஆனால் தம்பி, இன்றைக்கு நீங்கள் வாங்க வேண்டாம். முதலில் பாப்பாவின் ஹாலுக்குப் போய், போனில் ஸ்லோ மோஷன் வைத்து விளக்குகளை வீடியோ எடுங்கள். வெளிச்சம் துடித்தால் லென்ஸுக்கு வைத்த பணத்தை அப்படியே வைத்திருங்கள். இந்தத் துடிப்பை, அதாவது ஃப்ளிக்கரைச் சமாளிக்கும் பழைய கேமரா பாடி ஒன்றைத் தேடுங்கள், கூடவே 50 எம்எம் 1.8 போதும், விலையும் குறைவு, கொஞ்சம் கிட்டே உட்கார வேண்டியிருக்கும், அவ்வளவுதான். துடிக்கவில்லை என்றால் சொல்லுங்கள், சனிக்கிழமை பிராக்டிஸுக்கு என் 85-ஐ எடுத்துக்கொண்டு போங்கள். மற்ற பிள்ளைகளின் படத்தை அவர்கள் வீட்டில் கேட்காமல் குரூப்பில் போட்டுவிடாதீர்கள்.