கண்ணகியா, மணிமேகலையா?

பெண்ணியப் பாத்திரம் என்றதும் பலர் கண்ணகியைத்தான் சொல்வார்கள். காரணம் இருக்கிறது. பாண்டியன் அவையில் 'தேரா மன்னா' (ஆராய்ந்து பார்க்காத அரசனே) என்றே பேச்சைத் தொடங்குகிறாள், சிலம்பை உடைக்கிறாள், மாணிக்கப்பரல் மன்னன் வாயருகே தெறிக்கிறது. அரசியின் சிலம்பில் இருப்பது முத்துப்பரல் என்று சொன்ன மன்னன் அதோடு தோற்றான். ஆனால் இருந்ததையெல்லாம் தொலைத்துவிட்டு வந்த கோவலனிடம் அவள் சொன்னது 'சிலம்புள கொண்ம்' (சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்), அவ்வளவுதான். அப்புறம் மதுரையில், அவன் கொலைக்களம் போகுமுன், 'போற்றா ஒழுக்கம் புரிந்தீர்' (பெரியோர் போற்றாத வழியில் நடந்தீர்கள்) என்று ஒரு வார்த்தை. ஊரை எரித்த கோபம் வீட்டுக்குள் இவ்வளவுதான் எட்டிப் பார்த்தது.

மணிமேகலையிடம் இத்தனை ஆர்ப்பாட்டம் இல்லை. சோழ இளவரசன் உதயகுமரன் மேல் மனம் போகிறது என்று தோழியிடம் தானே ஒப்புக்கொள்கிறாள். அப்படியும் அவனை ஏற்கவில்லை. அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபிப் பாத்திரத்தோடு சிறைக்குள் போய்ப் பசியாற்றுகிறாள். அரசனிடம் கேட்டுச் சிறைக்கோட்டத்தையே அறம் செய்யும் இடமான அறக்கோட்டமாக்குகிறாள். சேரர் தலைநகர் வஞ்சியில் சமயவாதிகளிடம் கேள்வி கேட்கும்போது மட்டும் ஆண் துறவி வேடம். அந்தக் காலத்து அவைகளைப் பற்றி இதைவிட வெளிப்படையாக யார் சொல்லிவிட முடியும்?

என் ஓட்டு மணிமேகலைக்கு. துறவு தாய் மாதவி காட்டிய வழிதானே என்பார்கள். சரி, ஆனால் சிறையைத் திறக்கச் சொல்லி மாதவி அவளிடம் கேட்கவில்லை.