பின்சீட்டைக் கழற்றிவிட்டு மலையேறும் ட்ரைபர்

2025 செப்டம்பர் 22-ல் ஜி.எஸ்.டி குறைந்த பிறகு, தெரிந்தவர்களிடமிருந்து எனக்கு வரும் அழைப்புகளில் பாதி கார் பற்றித்தான். நான்கு மீட்டருக்குள் அடங்கும், 1200 சிசிக்கு மேல் போகாத பெட்ரோல் கார்களுக்கு முன்பு செஸ் என்கிற கூடுதல் வரியோடு சேர்த்து 29 சதவீதம் வரி இருந்தது; இப்போது 18. வருடத்தில் சில முறை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மலைக்குப் போய் டென்ட் போட்டுத் தங்க ஆசைப்படுகிற குடும்பங்களுக்கு இது நல்ல நேரம். "நீங்க ட்ரைபர்லதானே மலை மலையாப் போறீங்க, வாங்கலாமா?" என்று கேட்கிறார்கள். ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதிவிடுகிறேன்.

எங்களுடையது 2021-ல் வாங்கிய ரெனால்ட் ட்ரைபர், மேனுவல் கியர். ஊர் சேலம். 999 சிசி, மூன்று சிலிண்டர், ஏழு சீட்டு என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த விவரம். எனக்குப் பேச வேண்டியது அதன் கடைசி வரிசையைப் பற்றி.

கடைசி வரிசையில் இரண்டு தனித்தனி சீட்டுகள். இரண்டையும் அப்படியே கழற்றி வெளியே எடுத்துவிடலாம். முதுகுச் சாய்மானத்தை மடக்கி, பின்பக்கப் பட்டையை இழுத்து, முன்னால் கவிழ்த்துத் தூக்கினால் வந்துவிடும். ஸ்பேனர் வேண்டாம், மெக்கானிக் வேண்டாம். என் மனைவி தனியாகவே எடுத்துக் கொண்டுபோய்க் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவார். எலி வராமல் இருக்கப் பழைய போர்வையைச் சுற்றி வைப்போம், அவ்வளவுதான். மற்ற பல ஏழு சீட்டு வண்டிகளில் கடைசி வரிசை மடங்கும். மடங்கினாலும் அங்கேயே மேடாக உட்கார்ந்திருக்கும். இதில் சீட்டு வீட்டிலேயே இருந்துவிடுகிறது, வண்டியில் வெறும் தரை மட்டும் மிஞ்சுகிறது. ஏழு சீட்டும் இருக்கும்போது 84 லிட்டராக இருக்கும் டிக்கி, இரண்டையும் எடுத்தால் 625 லிட்டர். நான்கு மீட்டருக்குள் அடங்கும் ஒரு வண்டியில் இவ்வளவு இடம் கிடைக்கும் என்று வாங்கும்போது நான் நினைக்கவே இல்லை.

கேம்பிங் போகாதவர்களுக்கு இந்த எண்ணின் அருமை சட்டென்று புரியாது. நான்கு பேர் படுக்கும் டென்ட், விரிப்பு, போர்வைகள், மடக்கு நாற்காலிகள், 5 கிலோ சிலிண்டர், அடுப்பு, பாத்திர மூட்டை, அரிசி பருப்பு, குழாய் வைத்த எவர்சில்வர் தண்ணீர் டிரம். நீலகிரிப் பக்கம் சிறிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பதால் அந்த டிரம் இல்லாமல் நாங்கள் கிளம்புவதே இல்லை. சாதாரண ஹேட்ச்பேக்கில் இதையெல்லாம் ஏற்றினால் பிள்ளைகள் மடியில் மூட்டையோடுதான் உட்கார வேண்டும். இங்கே சிலிண்டரை நடுவரிசையின் முதுகோடு ஒட்டி நிமிர்த்தி வைத்து, இரண்டு பக்கமும் போர்வை மூட்டையால் இறுக்கி, பட்டை போட்டுக் கட்டுவோம். மலை இறங்கி வீடு வரும்வரை அது அசையாது.

போய்ச் சேர்ந்து டென்ட் போட்ட பிறகு அந்தத் தரைக்கு வேறு வேலை வந்துவிடும். கொல்லிமலையில் செம்மேட்டுக்கு அந்தப் பக்கம், மிளகுக் கொடி படர்ந்த ஒரு தோட்டத்தில் தங்கியிருந்தபோது விடியற்காலையில் மழை பிடித்துக்கொண்டது. டிக்கிக் கதவை மேலே தூக்கினால் அதுவே ஒரு சின்னத் தாழ்வாரம். சாமான்களை ஓரம் தள்ளி, கோரைப்பாயைப் பாதியாக மடித்துப் போட்டோம். பிள்ளைகள் இருவரும் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுபோன இட்லியைப் பொடியில் தொட்டுத் தின்றார்கள். கதவின் ஓரத்திலிருந்து சொட்டிய தண்ணீர் சின்னவன் முட்டியில் விழ, அவன் காலை இழுப்பதும் நீட்டுவதுமாகவே தட்டைக் காலி செய்தான். மழை விடும்வரை டென்ட்டுக்குள் நாலு பேரும் முட்டி மோதிக்கொண்டிருக்க வேண்டிய காலைப்பொழுது அது.

இன்னொன்று, பெண்கள் யாரும் கேட்காமலே சொல்லுவார்கள், ஆண்கள் எழுதும் கார் விமரிசனங்களில் மட்டும் வராது. துணி மாற்ற இடம். மலைத் தோட்டங்களில் குளியலறை தூரத்தில் இருக்கும், சில இடங்களில் தாழ்ப்பாள் சரியாக இருக்காது. கண்ணாடிகளுக்குக் கறுப்புத் துணி மாட்டி உள்ளேயிருந்து பூட்டிக்கொண்டால், சம்மணம் போட்டு உட்கார்ந்து நிதானமாக மாற்றிக்கொள்ளலாம். என் மனைவி இந்த வண்டியை விரும்புவதற்கு முதல் காரணம் இதுதான்.

கேம்பிங் என்றாலே நாலு சக்கரமும் இழுக்கிற ஜீப் வேண்டும் என்று நினைக்கிறவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம். நினைத்த இடத்தில் வண்டியை இறக்கி டென்ட் போட முடியாது, போடவும் கூடாது. குடும்பத்தோடு தங்குவது என்றால் ஏலகிரி, கொல்லிமலை, ஏற்காடு, வால்பாறைப் பக்கம் காபித் தோட்டங்களிலும் பண்ணைகளிலும் காசு கொடுத்துத் தங்குவதுதான். அங்கே போகக் கடைசியில் கொஞ்சம் மண் ரோடும் கல்லும் இருக்கும். ட்ரைபரின் அடிப்பக்கம் தரையிலிருந்து 182 மில்லிமீட்டர் உயரம். பார்த்து ஓட்டினால் அடி தட்டாது. அப்படிப்பட்ட மாருதி ஜிம்னி அருமையான வண்டிதான், ஆனால் நான்கு பேர் உட்கார்ந்தால் 208 லிட்டர் டிக்கிதான் மிச்சம். அதில் எங்கள் டென்ட்டும் போர்வையும் போகும், சமையல் சாமான் போகாது. போகும் பாதையில் தேவையில்லாத வலிமைக்குப் பணம் கொடுத்துவிட்டு, தேவையான இடத்தை இழக்கிற கணக்கு அது.

எஞ்சினைப் பற்றிச் சுருக்கமாக: 72 குதிரைத்திறன், 96 நியூட்டன் மீட்டர். இந்த எண்களைப் பார்த்தாலே மலையில் என்ன நடக்கும் என்று தெரிந்துவிடும். காரவள்ளியில் தொடங்கும் கொல்லிமலைப் பாதையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் இரண்டாவது கியர்தான், நெருக்கமான வளைவில் முன்னால் பஸ் நின்றுவிட்டால் முதல் கியர். ஏசியை அடிவாரத்திலேயே அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்துவிடுவேன். நடுவில் இருக்கும் குளிர்ப் பெட்டியில் வைத்த பால் பாக்கெட்டுக்கு அதற்குள் வேண்டிய குளிர்ச்சி ஏறியிருக்கும். முந்த வேண்டும், சீறிப் பாய வேண்டும் என்கிறவர்களுக்கு இது சரிப்படாது. பிள்ளைகளை வைத்துக்கொண்டு மலையேறுகிறவனுக்கு அந்த வேகமே போதும் என்பது என் உறுதியான எண்ணம். இறங்கும்போதும் ஏறிய கியரிலேயே இறங்குங்கள், பிரேக்கை அழுத்திக்கொண்டே வராதீர்கள்.

அப்புறம், ஒரு கோபம். வண்டி மேல் இல்லை, சீட் கவர் போட்ட கடைக்காரர் மேல். கடைசி வரிசை கழற்றுகிற சீட்டு, கழற்றும் இடத்தை விட்டுவிட்டுத் தைக்க வேண்டும் என்று சொல்லித்தான் கொடுத்தேன். தலையை ஆட்டினார். பார்ப்பதற்கு அழகாகத்தான் இருந்தது. ஏலகிரி கிளம்ப வேண்டிய நாள், விடியற்காலை இருட்டில் சீட்டை எடுக்கப் போனால் வரவில்லை. டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தால், கவரை இழுத்து அடியில் பிளாஸ்டிக் டேக் போட்டுக் கட்டியிருக்கிறார்கள், அதுவும் பூட்டு விடுபடுகிற இடத்தின் வழியாக. பிளேடை வைத்து ஒவ்வொன்றாக அறுத்து எடுத்தேன், கவரும் கிழிந்தது. திரும்பி வந்து கேட்டபோது, "எல்லா வண்டிக்கும் இப்படித்தான் சார் போடுவோம்" என்கிறார். எல்லா வண்டியும் ஒன்றா? இந்த வண்டியை வாங்கியதே அந்த சீட்டு கழன்று வரும் என்பதற்காகத்தானே! இதை வாங்குகிறவர்கள் கடைசி வரிசைக்குக் கவரே போடாதீர்கள். போட்டால் கடையிலேயே கழற்றிக் காட்டச் சொல்லிவிட்டுக் காசைக் கொடுங்கள்.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். கார்களை மோதவிட்டுச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு 2021-ல் மோதிப் பார்த்ததில் பெரியவர்களுக்கு நான்கு நட்சத்திரம், குழந்தைகளுக்கு மூன்று. அதெல்லாம் உள்ளே இருக்கும் சாமான் பறக்காதவரைதான். சீட்டை எடுத்த தரையில் கூரை வரைக்கும் அடுக்கலாம் போலத்தான் தோன்றும். நடுவரிசை முதுகின் உயரத்துக்கு மேல் ஒரு பை கூட வைக்காதீர்கள். கனமானது அடியில், இரும்பும் எவர்சில்வரும் முதுகோடு ஒட்டி. சட்டென்று பிரேக் பிடித்தால் பிள்ளையின் பின்தலைக்கு வருவது அந்தக் குக்கர்தான்.

இதுவரை படித்தவர்கள், சரி, வாங்கிவிடலாம் என்று முடிவு செய்திருப்பீர்கள். இனிமேல் சொல்வதுதான் எனக்கு மனசில் உறுத்துவது.

என் அப்பாவும் அம்மாவும் எங்களோடுதான் இருக்கிறார்கள். ஏழு சீட்டு வாங்கியதே அவர்களுக்காக. கோவிலுக்கும் கல்யாணத்துக்கும் ஆறு பேரும் சௌகரியமாகப் போய் வருகிறோம், அங்கே மூட்டை முடிச்சு கிடையாது. கேம்பிங் என்றால் ஆறு பேருக்கும் சீட்டு வேண்டும், சாமானுக்கும் இடம் வேண்டும். ஒரு சீட்டை மட்டும் எடுத்துவிட்டு ஒன்றை விட்டுவைக்கலாம், அப்போது டிக்கி 320 லிட்டர். காகிதத்தில் பார்த்தால் இது நல்ல ஏற்பாடு.

அப்படித்தான் ஒருமுறை கொல்லிமலைக்குக் கிளம்பினோம். நடுவரிசையில் அப்பா, அம்மா, சின்னவன். பின்னால் ஒற்றைச் சீட்டில் பெரியவள், அவளுக்குப் பக்கத்தில் சாமான். பட்டை போட்டுக் கட்டியிருந்தும் மேலே இருந்த போர்வை மூட்டை ஒவ்வொரு இடது வளைவிலும் அவள் மேல் சாயும். அவள் கையால் தள்ளிப் பிடித்துக்கொண்டே வந்தாள். கொண்டை ஊசி வளைவுகளில் கடைசி சீட்டுக்காரருக்குத்தான் ஆட்டம் அதிகம். பாதி மலை ஏறுவதற்குள் முகம் வெளுத்து, எலுமிச்சம்பழத்தை மோந்து பார்த்தும் அடங்காமல், வண்டியை ஓரம் கட்டும்படி ஆகிவிட்டது. அம்மா இறங்கி அவள் முதுகைத் தடவிவிட்டபடி, "நான் பின்னாடி உக்காந்துக்கறேன், நீ முன்னாடி போ கண்ணு" என்றார். முட்டி வலியோடு அவரை அந்த சீட்டில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த முறை கூரையில் கேரியர் வைத்தோம். மேலே இருக்கும் கம்பிகள் 50 கிலோ வரை தாங்கும் என்பதால் டென்ட், போர்வை, நாற்காலிகளைத் தார்ப்பாய் போட்டு மேலே கட்டினேன். உள்ளே இடம் கிடைத்தது உண்மை. ஆனால் உயரமான சின்ன வண்டி, தலையில் சுமையோடு வளைவில் திரும்பும்போது சாய்வது கைக்கே தெரிகிறது. எஞ்சினுக்கும் கூடுதல் பாரம், காற்றும் பிடித்து இழுக்கிறது. மலையில் எனக்கு அந்த ஓட்டம் பிடிக்கவில்லை.

இப்போது அம்மாவே சொல்லிவிடுகிறார்: "குளுரு எங்களுக்கு ஒத்துக்காது, நீங்க போயிட்டு வாங்க." குளிர் அவருக்கு ஒத்துக்கொள்ளும், எனக்குத் தெரியும். ஏற்காட்டில் சொந்தக்காரர் வீட்டில் மார்கழியில் தங்கிவிட்டு வந்தவர் அவர். இரண்டு சீட்டையும் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் வைக்கும்போதெல்லாம் நாங்கள் அப்பாவையும் அம்மாவையும்தான் வீட்டில் விட்டுவிட்டுப் போகிறோம்.

இதில் வண்டி செய்தவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான்கு மீட்டருக்குள் ஏழு பேரையும் ஒரு வீட்டுச் சாமானையும் யாராலும் அடைக்க முடியாது. சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் தயாராகி, 2019-ல் 4.95 லட்சத்தில் தொடங்கிய விலையில் இப்படி ஒரு ஏற்பாட்டைக் கொடுத்தது பெரிய விஷயம். என்னைவிட இந்த வண்டியைப் புகழ்கிறவரைச் சேலத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இருந்தாலும் இன்றைக்கு என்னைக் கேட்டால், பெரியவர்கள் கூட இருக்கிற வீட்டுக்கு இதை வாங்கச் சொல்ல மாட்டேன். நானும் அடுத்து இதை வாங்கப் போவதில்லை. மாருதியின் ஏழு சீட்டு எர்டிகா நான்கு மீட்டரைத் தாண்டுவதால் அதற்கு 40 சதவீத வரி, விலையும் கூட. மூன்று வரிசையும் இருக்கும்போதே 209 லிட்டர் டிக்கி, கடைசி வரிசையில் பாதியை மடக்கினாலும் ஆறு பேர் உட்காரலாம், 1.5 லிட்டர் எஞ்சின் மலையில் மூச்சு வாங்காது. பழைய வண்டியாகவே எடுத்தாலும் சரி, காசு சேர்த்து அதைத்தான் எடுப்பேன். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் மட்டும் என்றால் ட்ரைபரை அடிக்க இந்த விலையில் ஆளில்லை, யோசிக்காமல் எடுங்கள்.

எதுவானாலும், ஷோரூமுக்குப் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். டென்ட்டையும் அடுப்பையும் பாத்திர மூட்டையையும் எடுத்துப் போங்கள். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பேரும் போங்கள். எல்லோரையும் உட்கார வைத்து, சாமானையும் ஏற்றி, டிக்கிக் கதவு மூடுகிறதா என்று பார்த்த பிறகு அட்வான்ஸ் கொடுங்கள். விற்பனையாளர் முகத்தைச் சுளித்தால் சுளிக்கட்டும்.