புகைக்கா, மணத்துக்கா? மூன்று சீனத் தூபக்கால்கள்

சீனத் தூபக்கால்களை வடிவத்தை வைத்தே பலரும் ஒப்பிடுகிறார்கள். உள்ளே எதை, எந்தத் தீயில் இட்டார்கள் என்று பார்த்தால்தான் ஒவ்வொன்றும் ஏன் அப்படி அமைந்தது என்பது விளங்கும்.

ஹான் அரசமரபுக் காலத்து (கி.மு. 206 – கி.பி. 220) ‘போஷான்’ என்னும் மலைவடிவத் தூபக்கால் புகைக்கென்றே பிறந்தது. முன்பு வாசனைப் புல்லை ஆழமற்ற கிண்ணத்தில் நேரடியாக எரித்தார்கள். தெற்குக் கடல்வழி வந்த பிசின்களுக்கோ அடியில் கரித்தணல் வேண்டும். அதனால் கிண்ணம் ஆழமானது, மூடி மலையாக உயர்ந்தது. துளைகள் சிகரங்களுக்குப் பின்னே ஒளிந்திருப்பதால் புகை மலையிடுக்கு மேகமாகக் கசியும். கி.மு. 113இல் இறந்த இளவரசர் லியூ ஷெங்கின் மான்செங் கல்லறையில் 1968இல் கிடைத்த, தங்க இழை பதித்த 26 செ.மீ. வெண்கலத் தூபக்கால் இவ்வகையின் உச்சம். ஆனால் தணல்மேல் நேராக விழும் பிசின் உருகிக் கொதித்து, முடிவில் கருகல் வாடையே மிஞ்சும். மூடியின் உட்புறக் கரியைச் சுரண்டாவிட்டால் துளைகள் அடைபட்டுத் தணலும் அவிந்துவிடும்.

மணம்தான் வேண்டுமென்றால் சோங் அரசமரபுக் காலத்து (960–1279) முறைக்கு ஈடில்லை. பழைய மூன்றுகால் வெண்கலக் கலத்தின் சாயலில் தென்சீனத்து லோங்ச்சுவான் சூளைகள் செய்த சிறிய பச்சைப் பீங்கான் கலங்கள் இதற்கு ஏற்றவை. சலித்த சாம்பலைக் கலத்தின் மூன்றில் இரண்டு பங்குக்குத் தளர்வாக நிரப்ப வேண்டும். கரித்துண்டை வெளியே பற்றவைத்து, கறுப்பே தெரியாமல் நீறு பூத்தபின் நடுவில் புதைத்து, மேலே சாம்பலைக் குன்றாகக் குவித்து, உச்சியிலிருந்து தணல்வரை ஒரு துளை இட வேண்டும். துளைமேல் மைக்கா அல்லது மெல்லிய வெள்ளித் தகடு. அதன்மேல் அரிசியளவு அகில். புகை வரவே கூடாது. வந்தால் தணல் தகட்டுக்கு மிக அருகில் இருக்கிறது. இடையே சாம்பலைக் கூட்டுங்கள். மணமே இல்லையென்றால் சாம்பல் ஈரமாகவோ இறுகியோ இருக்கும், அல்லது துளை தூர்ந்திருக்கும். நாள்பட்ட சாம்பல் ஈரம் இழுக்கும் என்பதால், வாணலியில் வறுத்து ஆறவைத்துப் பயன்படுத்துவது நல்லது. தணல் பீங்கான் சுவரைத் தொட்டால் கலம் விரிசல்விடும்.

மூன்றாவது, மிங் பேரரசர் சுவாந்தே பெயரால் அறியப்படுவது. மரபுப்படி 1428இல் வார்க்கத் தொடங்கியது. வெண்கலம் என்றே சொன்னாலும் பெரும்பாலானவை துத்தநாகம் கலந்த பித்தளை. அதற்கு முன்பே மிங் அரசு தூபக்கால்களைக் கடல்கடந்தும் காணிக்கையாக்கியது: சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் பொறித்த 1409ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று இலங்கையின் காலி நகரில் கிடைத்தது; அதன் காணிக்கைப் பட்டியலில் அவை உண்டு.

சுவாந்தே தூபக்காலில் சாம்பல் நிரப்பி ஊதுவத்தி நட்டுவிடலாம், பழக எளிது. வாங்குவதுதான் கடினம். அடியில் சுவாந்தே ஆட்சியைக் குறிக்கும் ஆறெழுத்து முத்திரை இருப்பது எதையும் நிரூபிக்காது. பிற்கால மிங் பட்டறைகளும், அடுத்து வந்த சிங் அரசமரபுக் காலப் பட்டறைகளும் அதே முத்திரையை நூற்றாண்டுக் கணக்கில் இட்டன. ஐயமின்றி சுவாந்தே காலத்தது என்று சொல்லத்தக்க கலம் காண்பதே அரிது. கையில் எடுத்தால் கனமும், வார்ப்பின் வழவழப்பும், மேற்பரப்பின் ஆழ்ந்த நிறமும்தான் தரம் சொல்லும். அந்த நிறத்தை அழுக்கென்று எண்ணிப் புளி போட்டுத் துலக்கிவிடாதீர்கள். உலர்ந்த மென்துணியால் துடைத்தாலே போதும்.