வைரஸ் எதிர்ப்பு: மரபணுவா, ஆர்.என்.ஏ. ஒடுக்கமா?

செடியை வைரஸிடமிருந்து காக்க இந்த இரண்டு வழிகளில் எது என்பதில்தான் தாவர வைரஸ் ஆராய்ச்சிக்கு வருபவர்கள் திணறுகிறார்கள்.

செயல்படும் விதம்
எதிர்ப்பு மரபணு: வைரஸின் ஒரு புரதத்தைக் கண்டுகொண்டதும், தொற்றிய செல்கள் மடிந்து வைரஸை அங்கேயே சிறைவைக்கின்றன. 1994இல் பிரித்தெடுக்கப்பட்ட புகையிலையின் 'என்' மரபணு இதற்குப் பெயர்போனது.
ஆர்.என்.ஏ. ஒடுக்கம்: வைரஸின் இரட்டை இழை ஆர்.என்.ஏ.வைச் செடி துண்டு துண்டாக நறுக்குகிறது. அந்தத் துண்டுகளையே துப்பாக வைத்து மீதியைத் தேடி அழிக்கிறது. எனக்கு இதன் மீதுதான் மோகம்.

வெப்பம்
மரபணு: 28 டிகிரி செல்சியஸுக்கு மேல் 'என்' கைவிட்டுவிடுகிறது.
ஒடுக்கம்: நேர்மாறு. குளிரில்தான் சோர்கிறது.

நீடிப்பு
மரபணு: தக்காளியின் டி.எம்.-2² என்ற எதிர்ப்பு மரபணு பல பத்தாண்டுகள் தாங்கியது. 2014இல் இஸ்ரேலில் தலைகாட்டிய பழுப்புச் சுருக்கக் கனி வைரஸ் அதையும் தாண்டிவிட்டது.
ஒடுக்கம்: ஹவாயில் 1998இல் விவசாயிகளுக்குக் கிடைத்த, வைரஸின் மரபணுவையே புகுத்தி ஒடுக்கத்தைத் தூண்டிய மரபணு மாற்றப் பப்பாளி, வளையப்புள்ளி வைரஸிலிருந்து அங்கே அந்தச் சாகுபடியையே மீட்டது. ஆனால் வைரஸின் ஆர்.என்.ஏ. வரிசை வெகுவாக வேறுபட்டால் பாதுகாப்பு குறையும். ஒடுக்கத்தை முடக்கும் புரதங்களும் வைரஸ்களிடம் உண்டு. வெள்ளரித் தேமல் வைரஸின் '2பி' அப்படிப்பட்டது.

எளிமை
மரபணு: காட்டு இனத்தில் கிடைத்தால் இனக்கலப்பே போதும், காலம்தான் பிடிக்கும்.
ஒடுக்கம்: மரபணு மாற்றத்துக்கு அனுமதி வேண்டும். இரட்டை இழை ஆர்.என்.ஏ.வைத் தெளிக்கலாம், ஆனால் காப்பு நெடுநாள் நிற்காது.

உறவினக் காட்டுச் செடியில் எதிர்ப்பு இருந்தால் மரபணுவைத் தேடுங்கள். எதுவுமே கிடைக்காத பயிருக்கு, வைரஸின் வரிசை மட்டும் தெரிந்தாலும் ஒடுக்கத்தில் இறங்கலாம்.